பொருள்: மறு: பிஐசி – ‘வங்கி அடையாளக் குறியீடு’ போதுமா?

> ‘வங்கி அடையாளக் குறியீடு’ என்றே வைத்துவிடலாம். நேர்ப்பொருள், சிக்கல் இல்லை.

வணக்கம்.

சிக்கல் இருக்கிறது. நாம் தமிழ்ச்சொல் தேடும் பிஐசி (‘பேங்க் ஐடென்டிஃபையர் கோட்’) நாடு விட்டு நாடு பணம் அனுப்பும்போது வங்கியைக் காட்டும் குறி. ஆனால் இந்தியாவுக்குள் பணம் அனுப்பும்போது கிளையைக் காட்டும் ஐஎஃப்எஸ்சியும் வங்கியை அடையாளம் காட்டும் குறிதானே? அதற்கும் 11 இடம். பிஐசிக்கு 8 அல்லது 11. போன மாதம் சிங்கப்பூரிலிருந்து தம்பி அம்மாவின் கணக்குக்குப் பணம் அனுப்ப உட்கார்ந்தான். ‘பேங்க் கோட் சொல்லு’ என்றான். பாஸ்புக்கில் இருந்த ஐஎஃப்எஸ்சியைப் படித்தேன். பிஐசி கேட்ட படிவம் ஏற்கவே இல்லை. ‘அஞ்சாவது ஓவா, ஜீரோவா?’ என்று அரை மணி நேரம் போனில் கத்திக்கொண்டிருந்தோம். பூஜ்யம்தான்; ஐஎஃப்எஸ்சியில் ஐந்தாம் இடம் எப்போதும் பூஜ்யம். பிஐசியில் ஐந்தும் ஆறும் நாட்டுக்குறி. இந்தியாவுக்கு ஐஎன், இலங்கைக்கு எல்கே.

ஆக, எது உள்ளூர், எது வெளிநாடு என்று பெயரே சொல்ல வேண்டும். பிஐசி: பன்னாட்டு வங்கிக்குறி. ஐஎஃப்எஸ்சி: கிளைக்குறி. ‘குறி’ என்றால் குடுகுடுப்பைக்காரர் நினைவு வருகிறது என்று யாராவது எழுதுவீர்கள், தெரியும். கூட்டுச்சொல்லில் அவர் வரமாட்டார்.

பிஐசிக்கு இங்கே சொல்லப்பட்ட ‘பணமாற்றுக் குறி’ எனக்கு ஒப்பவில்லை. பிஐசியைப் பயன்படுத்தும் வங்கிச் செய்தி வலையமான, 1973இல் பெல்ஜியத்தில் தொடங்கிய ஸ்விஃப்ட் அனுப்புவது செய்தியை மட்டும். பணம் வங்கிகள் ஒன்றிடம் ஒன்று வைத்திருக்கும் கணக்குகளில் நகர்கிறது.

வயர் டிரான்ஸ்ஃபருக்கு, அதாவது வங்கி வழியாக மின்னணு முறையில் பணம் அனுப்புவதற்கு, ‘உண்டியல்’ என்பது அழகான யோசனை. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவிலும் மலாயாவிலும் புழங்கிய சொல். ஆனால் இன்று ‘உண்டியலில் அனுப்பினேன்’ என்றால் சட்டவிரோதமாக அனுப்பியதாக எடுத்துக்கொண்டு போலீஸ் வரும்.

———

> பன்னாட்டு வங்கிக்குறி

‘வங்கி’ இடிக்கிறதே. பிஐசிக்கான ஐஎஸ்ஓ 9362 பன்னாட்டுத் தரத்தில் அதன் விரிவிலிருந்து ‘பேங்க்’ போய் ‘பிசினஸ்’ வந்துவிட்டது. வங்கியல்லாத நிறுவனங்களும் பிஐசி வாங்குகின்றன. பிஐசியின் ஏழு, எட்டாம் எழுத்துகளுக்கு நீங்கள் முன்பு சொன்ன ‘ஊர்க்குறி’யும் சரிவராது. இந்தியன் வங்கிக்கும் ஐஓபிக்கும் தலைமையகம் சென்னை, குறியிலோ பம்பாயை நினைவூட்டும் ‘பிபி’.

———

ஊர்க்குறியை விட்டுவிடுகிறேன், ‘பின்னொட்டு’ போதும். தர ஆவணத்தை மொழிபெயர்ப்பவர் ‘நிறுவனக்குறி’ என்று எழுதட்டும். ஆனால் படிவத்தை நிரப்புகிற என் தம்பி தேடுவது வங்கியை. அவனுக்கு ‘பன்னாட்டு வங்கிக்குறி’, பக்கத்திலேயே ‘ஸ்விஃப்ட் கோட்’ என்றும் போட்டுவிடலாம். கவுன்ட்டரில் எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள்.