மார்கழிப் பனிக்குச் செடியை மூடலாமா? (புதுச்சேரி, கடலூர் பக்கத்துத் தோட்டக்காரங்க அவங்கவங்க ஊர்ப் பேர்ல பேசிக்கிறது)

லாஸ்பேட்டை மாடி:
ராத்திரி தக்காளி மேல பாலிதீன் போட்டிருந்தது. காலை ஆறரைக்கு எடுத்தா, உள்பக்கம் பூரா முத்து முத்தாத் தண்ணி. இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. ஒரே வாரத்துல அடி இலையில வட்டத்துக்குள்ள வட்டமாப் பழுப்புப் புள்ளி, சுத்தி மஞ்சள். இலைக்கருகல். வடநாட்டு உறைபனிக்குச் சொன்ன வைத்தியம் இது. நம்ம ஊர்ல தை மாசத்துலகூட ராத்திரி 20 டிகிரி பக்கத்துலதான் இருக்கும். குளிர் செடியைக் கொல்லாது, காயாத இலைதான் கொல்லும். தயவுசெஞ்சு பனிக்கு மூடாதீங்க.

திருப்பாதிரிப்புலியூர்:
அக்கா, மூடவே கூடாதுன்னு இல்ல. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல்ல புதுச்சேரியில ஒரே நாள்ல 48 செ.மீ. கொட்டுச்சே, அப்ப திறந்து கிடந்த கத்தரி நாத்து மூணாம் நாள் அடித்தண்டு நூலாச் சுருங்கி வரிசையாப் படுத்திருந்தது. நாற்றழுகல். அடைமழைக்கு மூடித்தான் ஆகணும், ஆனா போர்வையா இல்ல, கூரையா. நாலு குச்சி நட்டு, ரெண்டடி உயரத்துல, ஒரு பக்கம் சரிச்சுக் கட்டுங்க. பக்கவாட்டுல காத்து ஓடணும், மழை விட்டதும் கழட்டணும். விதைக்கும்போதே விதையை ட்ரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்கற நல்ல பூஞ்சை) பொடியில புரட்டிடுங்க. கிலோ விதைக்கு 4 கிராம் கணக்கு, வீட்டு விதைக்கு ஒரு சிட்டிகை போதும்.

வீராம்பட்டினம்:
புயலுக்கு மறுநாள் இலையோரம் மட்டும், அதுவும் கடலைப் பார்த்த பக்கம் மட்டும் கருகினா அது நோய் இல்ல, உப்புக்காத்து. மருந்து வேண்டாம், அன்னைக்கே நல்ல தண்ணியில கழுவுங்க.

நெல்லிக்குப்பம்:
அவரைக் கொழுந்துல எறும்பு வரிசையா ஏறுச்சு. இலையைத் திருப்பினா கறுப்பா அப்பின மாதிரி அசுவினி, சாறு உறிஞ்சற பூச்சி. பூ வைக்கிற மார்கழியிலதான் இது வரும். யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்லிடறேன். 5 மில்லி வேப்பெண்ணெயை முதல்ல 2 மில்லி சோப்புக் கரைசல்ல அடிச்சுக் கலக்கி, பால் மாதிரி ஆனப்புறம் ஒரு லிட்டர் தண்ணி ஊத்துங்க. நேரா தண்ணியில விட்டா எண்ணெய் மிதக்கும், கடைசியில வர்ற தெளிப்பு இலையைச் சுட்டுடும். மத்த மாசத்துல அந்தி நல்ல நேரம். மார்கழியில சாயங்காலம் நாலு மணிக்கே அடிங்க, பனி இறங்கறதுக்குள்ள காயணும். இலையின் அடிப்பக்கம்தான் முக்கியம். பொறிவண்டும் அதோட புழுவும் கண்ணுல பட்டா அடிக்கவே வேண்டாம், அதுங்க தின்னுடும். வெண்டையில சாம்பல் நோய் (இலை மேல வெள்ளைப் பொடி படியறது) வந்தா நனையும் கந்தகம், அதாவது தண்ணியில கலக்கற கந்தகப் பொடி, லிட்டருக்கு 2 கிராம். அதையே பூசணி, பீர்க்கன்ல அடிச்சா இலை வெந்துடும். அங்க நோய் வந்த இலையைக் கிள்ளி எரிக்கிறதே மேல். எண்ணெய் அடிச்சு ரெண்டு வாரம் ஆகாம கந்தகம் தொடாதீங்க.

லாஸ்பேட்டை மாடி:
திருப்பாதிரிப்புலியூர் சொன்ன கூரை சரிதான், மழைக்கு ஒத்துக்கறேன். பனிக்கு மாத்திக்க மாட்டேன். தக்காளியில மண்ணுலேருந்து ஓரடி வரைக்கும் இலையைக் கிள்ளிட்டு, வேர்ல மட்டும் காலை ஏழு மணிக்குத் தண்ணி விடுங்க. விரலை ரெண்டு அங்குலம் விட்டுப் பாருங்க, ஈரம் ஒட்டினா அன்னைக்குத் தண்ணியே வேண்டாம்.