டயர் பக்கவாட்டில் கிழிந்தால் நடுரோட்டில் என்ன செய்வது?

கேட்டவர்: சரளைக்கல்

வணக்கம். திருச்சியிலிருந்து ராமேஸ்வரத்துக்குச் சைக்கிளில் தனியாகக் கிளம்பினேன். 700-க்கு 28 அளவு ஒல்லி டயர், ரிம் பிரேக். தேவகோட்டை தாண்டி ஆர்.எஸ்.மங்கலம் போகும் வழியில், எதிரே வந்த பஸ்ஸுக்காக ஒதுங்கித் தார் விளிம்பைவிட்டு இறங்கியதில் பின் டயரின் பக்கவாட்டில் வெட்டு விழுந்தது. கட்டைவிரல் நகத்தின் அளவு இருக்கும். மாற்று டியூப், பம்ப் எல்லாம் கையில் இருந்தன. ஆனால் காற்று ஏற ஏற அந்தக் கிழிசல் வழியாக டியூப் கழலை மாதிரி புடைத்துக்கொண்டு வெளியே வந்தது. பிஸ்கட் கவரை நாலாக மடித்து உள்ளே வைத்தேன். கொஞ்ச தூரம் ஓடிவிட்டு டமார். கடைசியில் குட்டியானைக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டு போய் ராமநாதபுரத்தில் இறக்கிவிட்டார், காசும் வாங்கவில்லை.

அடுத்த மாதம் 300 கி.மீ. பி.ஆர்.எம். (குறித்த நேரத்துக்குள் வெளி உதவியில்லாமல் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) இருக்கிறது. ரோட்டோரத்தில் கிடைப்பதை வைத்து இதைச் சமாளிக்க வழி உண்டா? டயருக்குள் வைக்கோலைத் திணித்து ஓட்டலாம் என்கிறார் நண்பர், உண்மையா? வழியில் பஞ்சர் கடையில் ரிப்பேர் செய்துகொண்டால் விதிமீறல் ஆகுமா?

பதில்: டபுள்ஸ்

ரூபாய் நோட்டு! நம் நோட்டு பருத்தித் தாள், லேசில் கிழியாது. மடித்து உள்ளே வைத்தால் வீடு வரைக்கும் தாங்கும். என்ன, இப்போது எல்லோரும் ஜி.பே. என்று பர்ஸே இல்லாமல் கிளம்புகிறோம்.

பதில்: காரைக்குடி பழைய கடை

தம்பி, எங்கள் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். கேட்டர், அதாவது கிழிந்த டயருக்குள் வைக்கும் பழைய டயர் துண்டு, வெட்டித் தருவதுதான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டயரில் காற்றழுத்தத்தைத் தாங்குவது ரப்பர் இல்லை. உள்ளே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் நைலான் நூல்தான். உங்களுக்கு அறுந்தது அந்த நூல். ஆகவே உள்ளே வைக்கும் பொருள் இழுத்தால் நீளாததாக இருக்க வேண்டும். பழைய டியூப் துண்டை வைக்கிறார்கள் பலர். அது ரப்பர், டியூபோடு சேர்ந்து அதுவும் புடைக்கும். பிஸ்கட் கவர் மடிப்பிலேயே பிளந்துவிடும். நோட்டு பரவாயில்லை, ஆனால் மழையில் நனைந்து டியூபும் உரசினால் கூழாகிவிடும். வெயில் காலத்துக்கு மட்டும்தான் அது.

நம் ஊர் ரோட்டில் கிடைப்பதிலேயே சிறந்தது ஃபிளெக்ஸ் பேனர். கிண்டல் இல்லை. அந்த பிளாஸ்டிக்குக்குள் பாலியஸ்டர் நூல் வலை இருக்கிறது, இழுத்துப் பாருங்கள், நீளாது. காதுகுத்து, பூப்புனித நீராட்டு, தலைவர் பிறந்தநாள் என்று ஏதாவது ஒன்று கிழிந்து வேலியில் தொங்கும். கிழிந்ததாகப் பார்த்து எடுங்கள், புதிதாகக் கட்டியதில் கை வைத்தால் சைக்கிளைவிட நமக்குத்தான் ரிப்பேர் அதிகம் ஆகும். பெட்டிக்கடையில் ஒரு பிளேடு வாங்கி, கிழிசலைவிட நாலு பக்கமும் இரண்டு விரல் கூடுதலாக வெட்டுங்கள். மூலைகளை வட்டமாக்குங்கள், கூர்மையாக விட்டால் அதுவே டியூபைக் குத்தும். இரண்டு மடிப்பு போதும். உங்களுக்குப் பக்கவாட்டில் கிழிந்ததால் அந்த ஓரத்தைச் சற்று நீளமாக விட்டு, டயர் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே மாட்டும்படி வையுங்கள். காற்று ஏறியதும் அது இறுகப் பிடித்துக்கொள்ளும். வெளியே நீட்டிக்கொண்டு இருந்தால் பிரேக் கட்டையில் உரசும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பேனர் இல்லையா, காலி டூத்பேஸ்ட் டியூபைப் பிளந்து கழுவி வையுங்கள். ஜூஸ் வரும் அட்டைப் பெட்டியும் சுமாராக வேலை செய்யும். தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக் மட்டும் வேண்டாம், அதன் ஓரம் கத்தி.

பஞ்சர் கடை கண்ணில் பட்டால் பழைய டயர் துண்டு கேளுங்கள். அதுதான் அசல் கேட்டர். ஆனால் உங்கள் 28-க்கு நாட்டு சைக்கிள் டயரின் நடுப்பகுதி தடிமன் அதிகம், சக்கரம் சுற்றுக்கு ஒருமுறை தூக்கித் தூக்கிப் போடும். பக்கவாட்டுப் பகுதியிலிருந்து வெட்டித் தரச் சொல்லுங்கள், ஓரங்களையும் சீவச் சொல்லுங்கள். ஓரம் சீவாத கேட்டரை வைத்து அனுப்பினால் அப்பாவுக்குக் கோபம் வரும். ஒரே வாரத்தில் அந்த ஓரமே டியூபை அறுத்துவிடும் என்பார்.

இன்னொன்று: கிழிசல் நீளமாக இருந்தால் செருப்புத் தைப்பவரிடம் போங்கள். நைலான் நூலில் நாலு தையல் போட்டு, தையல் டியூபில் உரசாமல் இருக்க உள்ளே கேட்டர் வைத்தால் ஊர் போய்ச் சேரலாம். அந்தப் பக்கம் தேவிபட்டினம் கடற்கரை ஆயிற்றே, வலை பின்னுகிற நூலுக்கா பஞ்சம்!

டியூபைப் போடும் முன் டயரின் உள்பக்கத்தைத் துணியால் ஒரு சுற்று துடையுங்கள். ராமநாதபுரம் சீமையில் கருவேல முள் இல்லாத ரோடு எது? முள்ளை எடுக்காமல் புது டியூப் போடுவது தண்டம். எப்போதும் 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குக் காற்று அடிப்பவர் என்றால் 55-லேயே நிறுத்துங்கள். அதற்கும் கீழே போனால் பள்ளத்தில் ரிம் இடித்து டியூபில் இரட்டை ஓட்டை விழும்.

வைக்கோல்: டியூபே போய்விட்டால் கடைசி வழி. கல்லு மாதிரி இறுக்கித் திணிக்க வேண்டும், மெதுவாகத்தான் ஓடும், வளைவில் டயர் கழன்று போகலாம். உங்களிடம் நல்ல டியூப் இருந்தபோது அது எதற்கு?

பதில்: கன்ட்ரோல் கார்டு

விதி பற்றி மட்டும். பி.ஆர்.எம்.மில் பின்னால் கார் வைத்துக்கொண்டு உதவி வாங்கக் கூடாது, சொந்த ஆட்கள் உதவுவதென்றால் கன்ட்ரோலில் (வழியில் நம் வருகையைப் பதிவு செய்யும் இடம்) மட்டும்தான். வழியில் கடை தேடிப் போய்ச் செய்துகொள்வது உங்கள் சாமர்த்தியம், அதில் தவறில்லை. 300-க்கு 20 மணி நேரம் இருக்கிறது, ஒரு கேட்டருக்கு அரை மணி போனாலும் குடி முழுகாது.

1913 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் எவ்வளவு கறாராக இருந்தார்கள் தெரியுமா? டூர்மலே மலை இறக்கத்தில் யூஜின் கிறிஸ்டோஃப் என்பவருக்கு முன் ஃபோர்க் உடைந்தது. சைக்கிளைச் சுமந்துகொண்டு சேந்த் மரி த காம்பான் ஊருக்கு நடந்துபோய், கொல்லன் பட்டறையில் தன் கையாலேயே அடித்துச் சரிசெய்தார். துருத்தி ஊதிய சிறுவனின் உதவிக்கு அவருக்கு நேர தண்டம் போட்டார்கள்!

சரளைக்கல்:

அண்ணே, ரொம்ப நன்றி. பழைய ரோடு டயரின் பக்கவாட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டி, ஓரம் சீவி, சீட் பைக்குள் போட்டுவிட்டேன். ஒரு சந்தேகம்: முன் டயர் கிழிந்தாலும் இதேபோல வைத்து ஓட்டலாமா?

காரைக்குடி பழைய கடை:

வைக்கலாம், ஆனால் முன்னால் வேண்டாம். பின் டயர் வெடித்தால் வால் ஆடும், நிறுத்திவிடலாம். முன் டயர் வெடித்தால் விழுவோம். பத்து நிமிடம் செலவானாலும் பின் டயரைக் கழற்றி முன்னால் போட்டு, கேட்டர் வைத்ததைப் பின்னால் போடுங்கள். அப்புறம், உங்கள் டியூப் பிரஸ்டா வால்வு (ஒல்லியான வகை) என்றால் பித்தளை அடாப்டர் ஒன்று வாங்கி வையுங்கள். பைக்குக்குக் காற்றடிக்கும் கடைகளில் அது இல்லாமல் வேலை நடக்காது.