‘சென்ஸ் வயர்’: உணர்கம்பியா, நோட்டக் கம்பியா?

அனைவருக்கும் வணக்கம்.

மோட்டார்ஹோம் பழுதுநீக்கக் கையேட்டின் வரைவில் ‘சென்ஸ் வயர்’ என்பதற்கு ‘உணர்கம்பி’ என்று இட்டிருக்கிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. வினைத்தொகையாகப் படித்தால் கம்பியே உணர்வதாகப் பொருள்படுகிறது. உணர்வது ரெகுலேட்டர், அதாவது ஆல்டர்னேட்டர் (எஞ்சினால் ஓடும் மின்னாக்கி) தரும் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவி. கம்பி பேட்டரியின் மின்னழுத்தத்தை அதற்குக் காட்டுகிறது, அவ்வளவுதான். மிகை மின்னழுத்தப் பழுது பல நேரம் இந்தக் கம்பியின் வழியில்தான் பிறக்கிறது.

தன் முனையில் 14.2 வோல்ட் நிற்கும்படி ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டரை ஓட்டுகிறது. பழைய வண்டிகள் பலவற்றில் இந்தக் கம்பி பேட்டரியிலிருந்து நேரே வருவதில்லை. இக்னிஷன் ஸ்விட்ச், ஃபியூஸ், நாலைந்து கனெக்டர் தாண்டி வரும். ஒரு கனெக்டரில் பச்சைக் களிம்பு பூத்து 0.9 வோல்ட் அங்கேயே விழுந்துவிட்டால், பேட்டரியில் 14.2 இருக்கும்போது ரெகுலேட்டருக்குத் தெரிவது 13.3. போதவில்லையே என்று ஃபீல்டை, அதாவது ஆல்டர்னேட்டரின் காந்தச் சுருளுக்குப் போகும் மின்னோட்டத்தை, கூட்டும். தன் முனை 14.2-ஐத் தொடும்போது பேட்டரியில் 15.1. அமிலம் கொதிக்கும், அழுகிய முட்டை நாற்றம் வரும், பல்புகள் அடுத்தடுத்துப் போகும். புது ரெகுலேட்டர் போட்டாலும் இதே கதைதான்.

‘நோட்டக் கம்பி’ என்று வைக்கலாமா? நாணயத்தின் தரம் பார்ப்பதை நோட்டம் என்பது பழைய வழக்கு.

---

> வினைத்தொகையாகப் படித்தால் கம்பியே உணர்வதாகப் பொருள்படுகிறது

ஐயா, இலக்கணக் காரணம் நிற்காது. அரிவாளும் வினைத்தொகைதான், வாளால் அரிகிறோம், வாள் தானாக அரிவதில்லை. ஆனால் ‘உணர்கம்பி’ என்றதும் பூச்சியின் உணர்கொம்பும் ஆன்டெனாவும் நினைவுக்கு வருகின்றன. அதனால் நானும் நோட்டத்தின் பக்கமே. நோட்ட முனை (ரெகுலேட்டரில் இந்தக் கம்பி சேரும் முனை), நோட்ட இழப்பு (வழியில் விழும் வோல்ட்) என்று கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன.

நோட்ட இழப்பை அளக்கும் முறையையும் கையேட்டுப் பதிவில் சேர்க்க வேண்டும். வெளிமின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கன்வெர்ட்டர் (வெளிமின்னால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) ஏற்றும் மின்னழுத்தமும் கலந்துவிடும். எஞ்சினை 1500 சுற்றில் ஓட்டி, ஹெட்லைட்டும் ப்ளோயரும் போடுங்கள். மீட்டரின் சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவில், கறுப்பு நோட்ட முனையில்: 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியிலுள்ள கனெக்டர்களை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்யுங்கள். பிறகு கறுப்பை பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பை ரெகுலேட்டர் உடம்பிலும் வையுங்கள்: 0.1-க்கு மேல் என்றால் எர்த் கெட்டிருக்கிறது. பெயின்டின் மேலோ துருவின் மேலோ முடுக்கிய ரெகுலேட்டரில் இது அடிக்கடி நடக்கும், விளைவும் அதே மிகை மின்னழுத்தம்தான்.

இரண்டும் சரியாக இருந்தும் 15 தாண்டுகிறதா? எஞ்சினை நிறுத்தி ஃபீல்டு கம்பியைக் கழற்றி மறுபடி ஓட்டுங்கள். சார்ஜ் நின்றால் ரெகுலேட்டரோ, அதற்கும் ஆல்டர்னேட்டருக்கும் இடைப்பட்ட ஃபீல்டு கம்பியோ பழுது. நிற்காவிட்டால் ஆல்டர்னேட்டருக்குள் ஃபீல்டு ஷார்ட். எஞ்சின் ஓடும்போது பேட்டரி இணைப்பை மட்டும் கழற்றவே கூடாது. அந்த நொடியில் எகிறும் மின்னழுத்தம் டயோடுகளை எரித்துவிடும்.

---

அரிவாளை ஏற்கிறேன் நண்பரே.

ஒன்று விடுபட்டிருக்கிறது. இரண்டு பேட்டரித் தொகுதிகளுக்கு நடுவே டயோடு பிரிப்பி (ஒன்றின் மின்சாரம் மற்றதற்குப் போகாமல் தடுப்பது) உள்ள வண்டியில் ஆல்டர்னேட்டர் முனை 14.9 காட்டும், பேட்டரியில் 14.2-தான் இருக்கும். டயோடில் 0.7 விழுவதால் அப்படி, பழுதன்று. ‘மிகை மின்னழுத்தம்’ பதிவில் ‘பேட்டரி முனையில் அளந்தது’ என்று சேர்த்துவிடுகிறேன். நோட்டக் கம்பி பிரிப்பியைத் தாண்டி பேட்டரிப் பக்கத்தில் இணைய வேண்டும் என்பதையும் படத்தோடு போடுகிறேன்.