புதுப்பிப்பு: உதகையில் ஒரு மார்கழி

மார்கழி முழுவதும் உதகையில் வாடகை வீட்டில் தங்கப் போகிறோம், குளிரைத் தாங்க முடியுமா என்று டிசம்பரில் இங்கே கேட்டிருந்தேன். ஹீட்டர் வாங்கச் சொன்னவர்களும் கம்பளியே போதும் என்றவர்களும் பாதி சரி.

உறைபனியைப் பற்றி நான் எண்ணியிருந்ததுதான் தவறு. மேகம் மூடிய இரவுகளில் அது விழுவதில்லை. வானம் தெளிந்து, காற்றும் அடங்கிய இரவுகளில்தான், தரை தன் வெப்பத்தை இழந்துவிட, கனத்த குளிர்காற்று பள்ளங்களில் போய்த் தேங்கி, விடியலில் புல்வெளி உப்பைத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கிறது. எங்கள் வீடு மேட்டில் இருப்பதால் வாசலில் இரண்டு முறையே கண்டோம். ஸ்கூட்டர் இருக்கையை நகத்தால் சுரண்டியபோது தேங்காய்த் துருவலாக உதிர்ந்தது. வெயில் பட்ட கால் மணி நேரத்தில் வெறும் ஈரம்.

சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது. குக்கர் இல்லாமல் வராதீர்கள்.

கரியடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கலாம் என்று ஒருவர் சொன்னதை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம். மூடிய அறையில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. தெரிவதற்குள் உயிர் போய்விடும். நாங்கள் வெந்நீர்ப் பையோடு சமாளித்தோம்.

மாலை வெயில் சாயும் திண்ணையில், அடுக்கடுக்காக உதிரும் வர்க்கியைத் தேநீரில் நனைத்துத் தின்பதற்காகவே, தை பிறந்த பிறகும் ஒரு வாரம் இருக்கலாம் என்கிறார் மனைவி. வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறோம்.