வேலி வெட்டப் பற்றரி ரிம்மர் தாங்குமா, பெற்றோல் மெசின்தான் வேண்டுமா?

வளவுக்காரி (கோண்டாவில்):
எங்கள் வீட்டு முன்பக்கம் ஒழுங்கையோடு செவ்வரத்தையும் துரந்தாவும் கலந்த வேலி, ஏறத்தாழ எழுபது அடி. பின்வளவில் பழைய கிளுவை வேலி. இவ்வளவு காலமும் அப்பாவின் பெற்றோல் ரிம்மர்தான். கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ண அவருடைய தோள் இப்போது இடம் கொடுப்பதில்லை. அந்தப் பாரத்தை நெஞ்சு உயரத்தில் பிடித்துக்கொண்டு வெட்டுவது எனக்கும் பெரும்பாடு. 2022 இல் கானுக்குப் பெற்றோல் கிடைக்காமல் வேலி ஒழுங்கைக்குள் சரிந்து கிடந்தது இன்னும் மனதில் இருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் தம்பி நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறான். "20 வோல்ட்" பற்றரி ரிம்மர் ஒன்று கொண்டுவரட்டுமா என்று கேட்கிறான். கொண்டுவரச் சொல்லலாமா?

சுன்னாகம் மெக்கானிக்:
அக்கா, ரிம்மரையும் பற்றரியையும் அங்கே வாங்கட்டும், சார்ஜரை இங்கே வாங்குங்கள். கனடாவில் 120 வோல்ட், எங்களுக்கு 230. அங்கத்தைய சார்ஜரை நேரே செருகினால் அநேகமாக அந்த இடத்திலேயே எரிந்துவிடும். லேபிளில் 100–240 என்று போட்டிருந்தால் மட்டும் பயமில்லை. அதனால் முதலில் கொழும்பில் எந்தக் கம்பனியின் சார்ஜரும் பற்றரியும் தாராளமாகக் கிடைக்கிறது என்று விசாரித்துவிட்டு, அதே கம்பனி ரிம்மரைத் தம்பியிடம் சொல்லுங்கள். ஒரு கம்பனிப் பற்றரி இன்னொன்றில் ஏறாது.

20 வோல்ட் என்று பெட்டியில் இருப்பதும் 18 வோல்ட்டும் ஒன்றுதான். உள்ளே ஐந்து செல் வரிசையாக இருக்கும். முழுச் சார்ஜில் 20, வேலை செய்யும்போது 18. பார்க்க வேண்டியது அம்பியர் மணி (Ah), அதாவது பற்றரி எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்ற அளவு. 18 வோல்ட், 5 அம்பியர் மணி என்றால் 90 வாட் மணி. இளந்தளிர் வேலியை ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் வெட்டலாம், உங்கள் முன்வேலிக்குத் தாராளம். பிளேனிலும் 100 வாட் மணிக்குள் இருப்பதுதான் சிக்கலில்லாதது. தனிப் பற்றரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டிக்குள் போடக்கூடாது.

பெற்றோல் மெசினை நான் குறை சொல்லமாட்டேன். நாள் முழுக்கக் கூலிக்கு வெட்டுபவருக்கு அதுதான் தோது. ஆனால் வீட்டுப் பாவனைக்கு வாங்கிய மெசின்கள் என்னிடம் வருவதே காபரேற்றருக்குள் பழைய பெற்றோல் பிசினாய் இறுகிப் போய்த்தான். இடைக்கிடை மட்டும் எடுக்கும் சாமானுக்கு இந்தக் கரைச்சல் ஏன்? லீற்றருக்கு எத்தனை மில்லி ஒயில் என்று அளந்து கலக்கும் வேலையும் மிச்சம்.

ஆட்டுக்கொட்டில் (அச்சுவேலி):
முன்வேலிக்குச் சரி. கிளுவைக்கு எந்த ரிம்மரையும் கொண்டுபோகாதீர்கள், பிள்ளை. இந்தச் சின்ன ரிம்மர்களில் பல் இடைவெளி 15, 20 மில்லிமீற்றர்தான். பெருவிரல் மொத்தத்தில் ஒரு கொப்பு வந்தால் அங்கேயே இறுகி நின்றுவிடும். முற்றின கிளுவையைக் கத்தியால் வெட்டி, நேரான தடிகளைக் கதியாலுக்கு, அதாவது வேலியில் நட, எடுத்து வையுங்கள். உயரத்துக் குழைக்கு நீளத் தடியில் கட்டிய கொக்கைச்சத்தகம் போதும். ரிம்மர் குழையைத் துண்டு துண்டாக்கி மண்ணில் கொட்டிவிடும், ஆட்டுக்குக் கட்டித் தொங்கவிட முடியாது. முழுக் கொப்பாக வந்தால் ஆடும் தின்னும், மிச்சம் தென்னை மரத்தின் அடிக்கும் போகும்.

முன்வேலியைக்கூட மாரி முழுக்க வளரவிட்டுத் தையில் ஒரேயடியாக வெட்ட நினைக்காதீர்கள். தளிர் பச்சையாக இருக்கும்போதே அடிக்கடி மேலால் தட்டிவிட வேண்டும். தண்டு முற்றிவிட்டால் பற்றரியும் கெதியில் இறங்கும்.

வளவுக்காரி:
நன்றி. அப்ப பின்வேலி கத்திக்கே. சார்ஜ் போடுவதில் கவனிக்க ஏதும் உண்டா? எங்கள் விறாந்தை மத்தியானத்தில் நல்ல வெக்கை.

சுன்னாகம் மெக்கானிக்:
விறாந்தை வேண்டாம், உள்ளறையில் போடுங்கள். வெட்டி முடித்த கையோடு பற்றரி சூடாக இருக்கும், ஆறவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும். பல நாள் எடுக்காமல் வைப்பதென்றால் பாதிச் சார்ஜில் வையுங்கள். முழுதாக ஏற்றி வைத்தாலும், ஒட்ட இறக்கி வைத்தாலும் செல் கெதியில் கிழடாகும். அலகில் கொப்பு சிக்கினால் பற்றரியைக் கழற்றிய பிறகுதான் கை வைக்க வேண்டும், அப்பாவிடமும் இதைச் சொல்லுங்கள். வெட்டி முடிந்ததும் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் பிசினைத் துடைத்துவிட்டு, அலகு நெடுக மெல்லிய மெசின் ஒயில் பூசி உறையைப் போட்டு வையுங்கள். மழை ஈரத்தோடு வேலியை வெட்ட வேண்டாம்.