பிரிந்தாயிற்று, கடன் என் தலையில். எதை முதலில் அடைப்பது?

நொய்யல் (இரவு 11:40)
அவசரமாக எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதமாக நானும் அவரும் சேர்ந்து இல்லை. பெர்சனல் லோன் 3.4 லட்சம், கிரெடிட் கார்டு 1.15 லட்சம், நகைக்கடன் 1.9 லட்சம். என் ஒரு சம்பளம்தான். நகைக்கடன் கெடு வேறு நெருங்குகிறது. எதை முதலில் அடைப்பது? யாராவது சொல்லுங்கள்.

தறிக்காரன்
சம்பளம் எவ்வளவு, தவணை எவ்வளவு, கடன் யார் பெயரில்? இது தெரியாமல் என்ன சொன்னாலும் தப்பாகிவிடும் தோழி.

பழைய கேஷியர்
விவாகரத்து ஆகிவிட்டதா, தனியாக மட்டும் இருக்கிறீர்களா? குழந்தை உண்டா? பதில் அதைப் பொறுத்து மாறும்.

அமராவதி
எது சின்னதோ அதை முதலில் முடியுங்கள். ஒரு கடன் தீர்ந்தால் வரும் தெம்பே தனி. நான் அப்படித்தான் மேலே வந்தேன்.

பேரேடு
மாதம் இரண்டு பேர் இதே கேள்வியோடு வருகிறார்கள், நானும் எழுதிக்கொண்டே இருக்கிறேன். வட்டி அதிகமானதை முதலில் அடைக்க வேண்டும். இது பள்ளிக்கூடக் கணக்கு. கையெழுத்துப் போடும்போது ஒரு நிமிடம் படித்திருந்தால் பாதிப் பேருக்கு இந்த நிலையே வராது.

அமராவதி
பேரேடு சார், அவர் நடு இரவில் தூக்கமில்லாமல் கேட்டிருக்கிறார். படித்திருக்கலாமே என்று இப்போது சொல்லி என்ன ஆகப் போகிறது?

நொய்யல் (காலை 7:05)
சம்பளம் 34,000. வாடகை 8,000. பெர்சனல் லோன் தவணை 11,200, என் பெயரில். அவருக்கு சிபில் (கடனைக் கட்டிய வரலாற்றுக்கான மதிப்பெண்) சரியில்லை என்று என் பெயரில் எடுத்தோம், பணம் அவர் கடைக்குப் போனது. கார்டும் என் பெயர்தான், மினிமம் 5,700 கட்டிவருகிறேன். மகளுக்கு மூன்று வயது, என்னிடம் இருக்கிறாள். கேஸ் எதுவும் போடவில்லை. நகை அம்மா போட்டது, 7 பவுன். பஸ் வந்துவிட்டது.

பழைய கேஷியர்
கார்டு ஸ்டேட்மெண்டில் மாத வட்டி எவ்வளவு என்று பாருங்கள். மூன்றரை சதவீதம் என்று வையுங்கள். 1.15 லட்சத்துக்கு மாதம் 4,025 ரூபாய் வட்டி, அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 4,750. நீங்கள் கட்டும் 5,700-இல் அசலில் கழிவது ஆயிரம்கூட இல்லை. ஆண்டுக் கணக்கில் இது 42 சதவீதம். பாக்கி நிற்கும் வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடும், அதனால் கார்டைத் தேய்ப்பதை இன்றே நிறுத்துங்கள். அமராவதி சொன்ன சின்னக் கடனும் பேரேடு சொன்ன பெரிய வட்டியும் இங்கே ஒன்றேதான், அதில் சண்டை வேண்டாம். வங்கியைக் கூப்பிட்டு மொத்தப் பாக்கியையும் தவணையாக மாற்றச் சொல்லுங்கள். வட்டி பெரும்பாலும் பாதிக்கும் கீழே வரும்.

குறிஞ்சி
பேசாமல் செட்டில்மெண்ட் கேளுங்கள். என் தம்பி பாதிக்கு முடித்தான்.

பழைய கேஷியர்
அப்படி முடித்தால் சிபில் அறிக்கையில் கடன் முடிந்தது என்று வராது, 'செட்டில்டு' என்றுதான் நிற்கும். நாளைக்கு மகள் படிப்புக்குக் கடன் கேட்கப் போனால் அந்தச் சொல்லே முதலில் கண்ணில் படும். கட்டவே முடியாத நிலைக்குத்தான் அது.

சீட்டுக்காரி
ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டில் சேர்ந்து முதல் மாதமே ஏலத்தில் தள்ளுபடி விட்டு எடுத்து கார்டை முடியுங்கள். எங்கள் வீட்டில் எல்லாக் கடனும் சீட்டில்தான் தீர்ந்தது.

தறிக்காரன்
முதல் மாதமே எடுத்தால் தள்ளுபடி போக கைக்கு எவ்வளவு வரும் அக்கா? அப்புறம் மாதச் சீட்டுப் பணம் யார் கட்டுவது? வீட்டளவில் பிடிக்கிற சீட்டு என்றால் பிடித்தவர் ஓடிவிட்டால் கேட்க நாதியில்லை. 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்த சீட்டு என்றால் வேறு பேச்சு.

சீட்டுக்காரி
இருபது வருடமாகப் பிடிக்கிறோம் தம்பி, ஒருவர் பணமும் போனதில்லை.

பேரேடு
நகையை விற்றுவிடுவது ஒன்றுதான் வழி. 7 பவுன் விற்றால் நகைக்கடனும் கார்டும் ஒரே நாளில் முடியும். மனப்பற்று வைத்து வட்டி கட்டிக்கொண்டிருப்பது அறிவுடைமை ஆகாது.

அமராவதி
அம்மா போட்ட நகையை விற்கச் சொல்ல எப்படி மனம் வருகிறது? மூன்று வயதுப் பெண் குழந்தை இருக்கிறது. அந்த 7 பவுன்தான் அவளுக்கு இருக்கிற ஒரே ஆஸ்தி. இன்று விற்றால் திரும்ப வாங்கச் செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி எல்லாம் கொடுக்க வேண்டும்.

பேரேடு
ஆஸ்தி அடகுக் கடையில் இருக்கிறது, அம்மா. வீட்டில் இல்லை.

குறிஞ்சி
விற்கவும் வேண்டாம், வைத்திருக்கவும் வேண்டாம். அடகு வைத்த நாளைவிடத் தங்கம் விலை ஏறியிருக்கிறது. மாற்றி வைத்தால் கூடுதல் தொகை கிடைக்கும். அதை எடுத்து கார்டை முடியுங்கள். நகைக்கடன் வட்டி கார்டு வட்டியைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

தறிக்காரன்
எல்லோரும் நகையைப் பற்றியே பேசுகிறோம். அடகுச் சீட்டு யார் பெயரில் இருக்கிறது என்று இதுவரை யாரும் கேட்கவில்லையே.

நொய்யல் (மதியம் 1:20)
அவர் பெயரில். ஞாயிற்றுக்கிழமை நான் வேலையில் இருந்ததால் அவர்தான் கொண்டுபோய் வைத்தார். அது முக்கியமா?

பழைய கேஷியர்
ரொம்ப முக்கியம் அம்மா. வைத்தவர் கையெழுத்து இல்லாமல் நகையைத் தர மாட்டார்கள். வட்டியை நீங்கள் போய்க் கட்டினாலும் நகை அவர் கைக்குத்தான் போகும். கெடு தாண்டி ஏலம் போனால் கடன் போக மீதிப் பணமும் அவருக்குத்தான். அதனால் எதை முதலில் அடைப்பது என்ற கேள்வியையே கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

உங்கள் தாய்வீட்டார் போட்ட நகை சீதனம், முழுக்க உங்கள் சொத்து. 1985-இலேயே உச்ச நீதிமன்றம் பிரதிபா ராணி வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இல் பணத்தாலும் பொருளாலும் ஒடுக்குவதும் வன்முறைதான். 19-ஆவது பிரிவில் சீதனத்தைத் திருப்பித் தரச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். நகை ரசீது, கல்யாண போட்டோ எடுத்துப் போங்கள். நகை என்னுடையது, பிரச்சினை நடக்கிறது என்று அடகு வைத்த இடத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். அதனால் அவர்கள் கட்டாயம் நிறுத்துவார்கள் என்றில்லை, ஆனால் எங்களுக்குத் தெரியாது என்று பிறகு சொல்ல முடியாது.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், போன் 15100. மகளுக்கு ஜீவனாம்சமும் அங்கேயே கேளுங்கள். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125 என்று சொன்ன பிரிவு, அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 144.

பெர்சனல் லோன் விஷயத்தில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். பணம் யார் கடைக்குப் போயிருந்தாலும் வங்கி உங்களைத்தான் கேட்கும். விவாகரத்துத் தீர்ப்பில் அவர் கட்ட வேண்டும் என்று எழுதினாலும் வங்கியை அது கட்டுப்படுத்தாது. அந்தத் தவணை ஒன்றும் தவற விடாதீர்கள்.

தறிக்காரன்
இன்னொன்று. சிபில் அறிக்கையை இன்றே எடுத்துப் பாருங்கள். சிபில் போலக் கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் நிறுவனங்கள் மொத்தம் நான்கு இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். வேறு எங்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அதில் தெரியலாம். ஜாமீன்தாரர் பொறுப்பும் கடன் வாங்கியவர் பொறுப்பும் ஒன்றுதான், ஒப்பந்தச் சட்டம் 128-ஆவது பிரிவு.

பேரேடு
அடகுச் சீட்டைப் பற்றி நானும் யோசிக்கவில்லை. விற்கச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ கூப்பிட்டால் நேரத்தோடு குறித்து வையுங்கள் நொய்யல். வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

சீட்டுக்காரி
எங்கள் சீட்டு பதிவு செய்ததுதான் என்று சொல்ல மறந்துவிட்டேன்.

நொய்யல் (ஒன்பது நாள் கழித்து)
எல்லோருக்கும் நன்றி. கார்டைத் தவணையாக மாற்றிவிட்டார்கள். சமூக நல அலுவலகத்தில் மனு கொடுத்தாயிற்று, கடிதத்துக்கும் முத்திரை வாங்கிவிட்டேன். அறிக்கை எடுத்தேன். அவருடைய வண்டிக் கடனுக்கு நான் ஜாமீன் என்று இருக்கிறது, இரண்டு தவணை பாக்கி. கையெழுத்துப் போட்டதே ஞாபகம் இல்லை. மகளுக்குக் காய்ச்சல், அப்புறம் வருகிறேன்.

தறிக்காரன்
வண்டி இப்போது யாரிடம் இருக்கிறது? ஆர்சி யார் பெயரில்?

தறிக்காரன் (நான்கு நாள் கழித்து)
நொய்யல், பாப்பாவுக்குச் சரியாகிவிட்டதா? வண்டி விவரம் மட்டும் முடிந்தபோது எழுதுங்கள்.