நாற்பதைத் தாண்டியபின் பனிச்சறுக்கு: குல்மார்க்கில் தொடங்கலாமா?

கேள்வி:
எனக்கு வயது 42. பிப்ரவரியில் காஷ்மீரில் உள்ள குல்மார்க் போகிறேன். பனிச்சறுக்குப் பலகையைத் தொட்டதே இல்லை. கோண்டோலாவில் (கம்பிவட ஊர்தியில்) மேலே ஏறிப் பழகலாமா?

பதில் 1:
வேண்டவே வேண்டாம்! இரண்டாம் கட்ட கோண்டோலா அஃபர்வாட் மலையில் 3,900 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இறக்கிவிடும். அது தேர்ந்தவர்களின் சரிவு. கீழே கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய மென்சரிவுகளே உங்களுக்குப் போதும். பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகட்டி, உள்விளிம்பால் பனியை அழுத்துங்கள், வேகம் அடங்கும். பயந்து பின்னால் சாய்ந்தால் பலகை கட்டுக்கு அடங்காது. முழங்காலை மடக்கி, கணைக்கால் பூட்ஸின் முன்பக்கத்தில் அழுந்தும்படி நில்லுங்கள்.

பதில் 2:
பூட்ஸுக்குள் ஒரே காலுறைதான் போட வேண்டும். இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து கொப்புளம் கிளம்பும்.

கேட்டவர்:
பயிற்சியாளர் அவசியமா?

பதில் 1:
கட்டாயம். தவறான நிலை பழகிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.